மாரெக்குக்குக் குரல் கொடுத்தவர்

பதினான்காவது டேக்கும் போயிற்று. "சார், இன்னொண்ணு போலாமா?" என்றாள் டப்பிங் வசனம் எழுதி இயக்குகிற தமயந்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஹெட்போன் வழியாக. போலாமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்றால் விட்டுவிடவா போகிறாள்? பொன்னுரங்கம் தலையை மட்டும் ஆட்டினார். அறுபத்தெட்டு வயதுத் தொண்டையில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு ஊறும். அதைப் பதில் சொல்லி வீணாக்கக்கூடாது. எட்டடிக்கு ஆறடி அறை. சாலிகிராமத்தில் யாரோ ஒரு காலத்தில் ஆசையாகக் கட்டின வீட்டின் சமையலறை. மேடையை இடித்து, ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சை ஒட்டி, நடுவில் ஒரு மைக்கை நட்டு, டப்பிங் தியேட்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். டேக் ஓடும்போது சத்தம் விழும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள். காற்று நின்றுவிடும். கதவின் விளிம்பெல்லாம் ரப்பர். சாத்தினால் 'ம்' என்று ஒரு சத்தம், அதோடு தெரு போயிற்று, ஊர் போயிற்று. நாற்பத்தோரு வருடமாகக் கேட்கிற சத்தம்.  எதிரே டிவியில் மாரெக் உட்கார்ந்திருக்கிறான். வெள்ளைக்காரன். நாற்பது வயது இருக்கும். வாயைத் திறந்தபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினோரு வினாடித் துண்டு. அதில் அவன் பேசுவது நாலே வார்த்தை. "நான் உன்கிட்ட எதையும் கேக்கலையே." முடிந்தது. அதற்குப் பதினான்கு டேக். வெட்கக்கேடு. நாலு பக்க வசனத்தை ஒரே மூச்சில் பேசிவிட்டு வெளியே வந்து டீ குடித்த தொண்டை இது. "என்னம்மா குறை?" என்றார் கடைசியில், பொறுக்கமாட்டாமல். "லிப் எல்லாம் சரியா உட்காருது சார், வாயசைவுக்கு வார்த்தை சேருது. நல்லாத்தான் இருக்கு. ஆனா டோரன் பேசற மாதிரியே இருக்கு. மாரெக் வரலை சார். மாரெக் எங்க?" மாரெக் எங்கே. நல்லாக் கேட்டாள். அது தெரிந்தால் நான் ஏன் இந்தப் பஞ்சுக்குள் நிற்கிறேன் என்று சொல்ல வந்தவர் கொஞ்சம் தண்ணீரை வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

டோரன் என்பவன் ஜெயிலர். மாரெக் கைதி. 'கருங்கோள்' என்று பெயர் வைத்து ஒரு தொடர், பதினோரு வருடமாக விட்டு விட்டு வருகிறது, நாலு சீசன். இருண்டுபோன ஒரு கிரகத்தைச் சுற்றுகிற விண்வெளிச் சிறை. கைதிகளும் காவலர்களுமாக எண்ணூறு பேரில் ஒவ்வொருவராகச் செத்தும் தப்பியும் போய், கடைசியில் மிஞ்சுவது இரண்டே பேர். ஒரு ஜெயிலர், ஒரு கைதி, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். இன்றைக்கு எடுப்பது கடைசி எபிசோடின் கடைசிக் காட்சி. டோரன் வருகிறான், கதவைத் திறந்துவிட்டு, 'போ, உன்னை விட்டுட்டேன்' என்கிறான். மாரெக் எழுந்திருக்கக்கூட இல்லை. நான் உன்கிட்ட எதையும் கேக்கலையே என்கிறான். அவ்வளவுதான் கதை. இதற்குப் போய் ஊரெல்லாம் ஆராய்ச்சி. வெளியே கன்ட்ரோல் ரூம் சோபாவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, இளம்பரிதி, கல்லூரி வாத்தியார், நாற்பது வயது, முழுக்கை சட்டை, அவன் இந்தத் தொடரைப் பற்றி மட்டும் எழுபது வீடியோ போட்டிருக்கிறானாம். கேமராவோடு வந்திருக்கிறான். இந்த நாலு வார்த்தை முடிந்ததும் பேட்டி. காலையில் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "சார், டோரன் இடது காலைச் சாய்ச்சு நடப்பான், மாரெக் வலது காலை. கண்ணாடி முன்னால நின்னா எப்படி இருக்கும் சார்? அதான்!" "காலில் அடிபட்டிருக்கும்யா." "இல்ல சார், குறியீடு. ரெண்டாவது சீசன் கடைசி ஷாட்ல கண்ணாடியில ஜெயிலர் மூஞ்சி கைதி மூஞ்சி மேலயே விழுது. ரெண்டு பேரும் ஒருத்தன்தான்னு சொல்றாங்க. அடைச்சவனும் அடைபட்டவனும் ஒண்ணு. மாரெக் தண்ணி குடிக்கிறப்பல்லாம் டோரனுக்குத் தாகம் எடுக்குது கவனிச்சீங்களா?" "கவனிச்சேன். அவன் குடிச்சதும் இவன் குடிப்பான். நான் ரெண்டு தடவை முழுங்கணும்." அவன் சிரித்தான். பிறகு முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டு சொன்னான். "உலகத்துல பதினாறு மொழியில டப் ஆகியிருக்கு சார். தமிழ்ல மட்டும்தான் ரெண்டு பேருக்கும் ஒரே குரல். முதல் எபிசோட்லயே. அந்த ரகசியம் கதை எழுதினவனுக்கே நாலாவது சீசன்லதான் தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு எப்படி சார் முதல் நாளே தெரிஞ்சது?" பொன்னுரங்கம் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். எப்படித் தெரிந்தது? தெரிந்தால்தானே. மனிதனைக் கூண்டில் ஏற்றுவதென்றால் இப்படித்தான் மாலையைப் போட்டு ஏற்றுவார்கள்.

"அண்ணே, ஃபிஃப்டீன். மூணு பீப்புக்கு அப்புறம்" என்றான் பிரான்சிஸ், சவுண்ட் இன்ஜினியர். சிவப்பு விளக்கு. பீப். பீப். பீப். நான் உன்கிட்ட எதையும் கேக்கலையே. சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஜெயிலர்தான் பேசினான். அதட்டி வாங்குகிற குரல். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் மூச்சு விடுங்க, ஏசி போடறோம்" என்றாள் தமயந்தி. ஏசி மூச்சு விட ஆரம்பித்தது. அவர் விடவில்லை. ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மாரெக்கைப் பேசுவதற்கு இத்தனை வருடமாக ஒரே வழிதான். தேசிங்கை நினைத்துக்கொள்வது. தம்பி. நாலு வயது இளையவன். அவன் பேசும்போது கடைசி வார்த்தைக்கு முன்னால் எச்சில் விழுங்குவான். சின்ன வயதிலிருந்தே. அந்த விழுங்கலில் வார்த்தை ஒரு நூல் அளவு தாமதமாக வரும். வேண்டுமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டு உள்ளே வருகிற மாதிரி. மற்றபடி இரண்டு பேருக்கும் ஒரே குரல். ஒரே கட்டை. ஒரே கரகரப்பு. கல்யாணமான புதிதில் தேசிங்கு போன் செய்து "அண்ணி" என்று ஆரம்பித்தால், "எதுக்கு இப்படிக் கிண்டல் பண்றீங்க, சீக்கிரம் வீட்டுக்கு வாங்க" என்பாள் வேதவல்லி. அப்பா செத்தபோது முன் அறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டு, நான்தான் அழுகிறேன் போலிருக்கிறது என்று பின்கட்டில் நின்று இவரே நினைத்தார். அழுதது அவன். அவன் அழுததால் இவர் அழ வேண்டியிருக்கவில்லை. அந்த விழுங்கலை மட்டும் பிடித்துவிட்டால் மாரெக் வந்துவிடுவான். முப்பது எபிசோடுக்கு வந்தான். இன்றைக்குத் தொண்டை விழுங்கினால் வெறும் விழுங்கலாக இருக்கிறது. தண்ணீர் போகிறது. வேறெதுவும் வரவில்லை.

இப்போது தேசிங்கு என்ன செய்கிறான் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. தினம் காலை ஒன்பது மணிக்குத் தெருவில் போகிறான். நேரில் இல்லை. ஒரு ஆட்டோவின் தலைமேல் இருக்கிற குழாயில். 'கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்சி ரிப்பேர், உங்கள் வீட்டு வாசலிலேயே செய்து தரப்படும்.' யாரோ ஒரு ரிப்பேர்காரன் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனது, ஒருவனிடமிருந்து ஒருவன் வாங்கி இப்போது மெட்ராஸ் முழுக்க அதுதான் ஓடுகிறது. குக்கர் என்று சொல்லிவிட்டு, விழுங்கி, ரிப்பேர். அடுத்த வீட்டுக்காரர் கேட்கிறார், "என்ன சார், சைடுல அடுப்பு ரிப்பேரா?" வேதவல்லி அதைவிட மோசம். சமையற்கட்டிலிருந்தே சொல்வாள், "உங்க தம்பி போறார். கேட்டுக்கோங்க." குத்தலா, தகவலா என்று தெரியாது. தினமும் அதே வாக்கியம். இவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். பேப்பருக்கு இந்தப் பக்கம் இருட்டாக, பத்திரமாக இருக்கும், ஆட்டோ திரும்புகிறவரை. எத்தனை நல்ல தொண்டை. குக்கருக்குப் போய்விட்டது. போகவில்லை, அனுப்பப்பட்டது. யார் அனுப்பினது? ஒருத்தரும் அனுப்பவில்லை. ஒருத்தர் சரி என்று மட்டும் சொன்னார்.

பைலட் என்று ஒரு வழக்கம் இந்தத் தொழிலில். பெரிய ஆளுக்கு நேரம் இல்லாதபோது யாராவது ஒரு சின்ன ஆளைக் கூப்பிட்டு மேலோட்டமாகப் பேசவைத்துவிடுவார்கள். பெரியவர் பிறகு வந்து, அதைக் கேட்டு, அதன்மேல் தன் குரலைப் பேசுவார். பைலட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பைலட் பேசினவனுக்குப் பெயர் எழுதுகிற பழக்கம் கிடையாது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிறவனுக்குப் பெயரா? பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் எபிசோடுக்கு மாரெக் வேஷத்தைப் பேசுவதாக இருந்தவர் பெரிய நடிகர், மேடைக்காரர். டோரன் இவர். மாரெக்குக்குப் பைலட் பேசக் கூட்டத்துக் குரல்களில் ஒருவனைக் கூப்பிட்டார்கள். தேசிங்கு. இருபத்தைந்து வருடம் 'பிடிங்கடா அவனை', 'ஐயையோ தீ', 'சார் லெட்டர்' என்று பேசிப் பேசி ஒரு பெயருள்ள பாத்திரம்கூடக் கிடைக்காதவன். அன்றைக்கு இவர் ஊரில் இல்லை. வேலூரில் ஒரு சாவு. தேசிங்கு பேசியிருக்கிறான். சும்மா புள்ளி வைக்கக் கூப்பிட்டால் அவன் கோலத்தையே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஃபைல் ஒப்புதலுக்காகப் பம்பாய்க் கம்பெனிக்குப் போனது. மூன்றாம் நாள் ஒருங்கிணைப்பாளர் ஜம்புலிங்கம் போன் செய்தார். நல்ல மனுஷன், இப்போது இல்லை. குரலைக் கேட்டே ஆயிரம் பேரை அடையாளம் சொல்லுவார், அந்தக் காதுக்குத்தான் சோறு. அந்தக் காது ஏமாந்துவிட்டது. "அண்ணே! மாரெக்கைக் கேட்டுட்டு பம்பாய்ல ஆடிப்போயிட்டாங்க. ஒரு அம்மா அழுதுட்டாங்களாம், பாஷையே தெரியாம! பெரியவர் வேணாமாம். பைலட்டையே வச்சுக்கிட்டு மேல போங்கறாங்க. நீங்க பேசிட்டுப் போனீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே. டோரனும் நீங்க, மாரெக்கும் நீங்க, என்ன தைரியம் உங்களுக்கு!" அப்போது ஒரு மூச்சு அளவு இடம் இருந்தது. 'யோவ், அது தேசிங்குய்யா' என்று சொல்ல அந்த இடம் போதும். இவருக்கு இடத்தின் அளவு நன்றாகத் தெரியும், உதடு திறந்து மூடுவதற்குள் எத்தனை எழுத்து அடங்கும் என்று கணக்குப் பார்த்தே காலம் போனவர். ஆனால் அதுவரை முப்பது வருடத்தில் இவர் பேசி யாரும் அழுததில்லை. நல்லா இருக்கு, லிப் உட்காருது, ஓகே, அடுத்தது. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். பாஷை தெரியாத ஒரு பொம்பளை அழுதாளாம். அந்த அழுகை ஒரு மூச்சு நேரம் இவருடையதாக இருந்தது. "சரி" என்றார். நான்தான் என்று சொல்லவில்லை. சரி. இரண்டே எழுத்து. பதினோரு வருடம்.

அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடு. இதே அறை. இவர் மாரெக்கைப் பேசிக்கொண்டிருந்தார், தேசிங்கின் விழுங்கலோடு. அன்றைக்கு முதல் முறையிலேயே வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. டேக் முடிந்து நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இப்போது இளம்பரிதி உட்கார்ந்திருக்கிற அதே சோபாவில், தேசிங்கு. மடியில் ஹெல்மெட். அவனுக்கு யாரோ போன் செய்து மாரெக் தொடர்கிறது என்று சொல்லியிருக்கவேண்டும். தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வந்திருக்கவேண்டும். ஸ்பீக்கரில் தன்னையே கேட்டிருக்கிறான். இவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என்ன சொல்லுவான்? சட்டையைப் பிடிப்பான். ஜம்புலிங்கத்தைக் கூப்பிடுவான். கேட்கட்டும், கேட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். அவன் எழுந்தான். எச்சிலை விழுங்கினான். "நல்லா இருக்குண்ணே" என்றான். டீ வந்தது, குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான், போய்விட்டான். அதற்குப்பிறகு அவன் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. தொழிலை விட்டுவிட்டான் என்று கேள்வி. தங்கை மகள் கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள், நடுவில் இரண்டு பேர். ரசம் வேண்டுமா என்று பரிமாறுகிறவன் கேட்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'போதும்' என்றார்கள். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவர் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருப்பார், சண்டை வந்திருக்கும், முடிந்திருக்கும். கேட்காமல் போய்விட்டான். கேட்காதவனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? நல்லா இருக்குண்ணே. அந்த வார்த்தையைச் சுற்றி எத்தனை நாள் நடந்தாகிவிட்டது. எந்தப் பக்கமும் வாசல் இல்லை. இளம்பரிதி சொல்லுகிற கண்ணாடிச் சுவர் எல்லாம் இதன் முன்னால் ஒரு சுவரா? அடைத்தவனும் அடைபட்டவனும் ஒருவன்தானாம். வாத்தியாருக்கு எல்லாம் சுலபமாகத் தெரிந்துவிடுகிறது. அடைத்தது யார் என்று அவனைக் கேட்கவேண்டும். பைத்தியக்காரத்தனம். வசனத்தைப் பார். நான் உன்கிட்ட எதையும். இதை எழுதினது தமயந்திதான், மூலத்தில் வேறு என்னவோ இருந்திருக்கும், உதட்டுக்காக இப்படிப் போட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரியாமலே ஒருத்தி வந்து நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிஷம் முடிந்தது. பிரான்சிஸ் சொன்னான், "அண்ணே, ஒரு ஐடியா. முதல் எபிசோடு மாரெக்கை எடுத்து வச்சிருக்கேன். கேட்டீங்கன்னா பிடிச்சுக்குவீங்க. அந்தக் குரல்ல ஒரு இது இருக்கும்ணே." வேண்டாம் என்று கையைத் தூக்குவதற்குள் போட்டுவிட்டான். இரண்டு காதிலும் தேசிங்கு. ஆட்டோக் குழாயில் வருகிற தேசிங்கு இல்லை, மூச்சு தெரிகிற தேசிங்கு. 'கதவுக்கு வெளியில யாரோ இருக்கீங்க. தெரியுது. பேச வேணாம், சும்மா... இருங்க.' சும்மா என்றதற்கும் இருங்க என்றதற்கும் நடுவே அந்த விழுங்கல். பொன்னுரங்கத்துக்கு மைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. கம்பி லேசாக ஆடியது, அந்தச் சத்தமும் காதில் விழுந்தது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இதில் ஒரு எழுத்து இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இவர் முப்பது எபிசோடு பேசினதெல்லாம் இதன் நிழல். நிழலையும் நாலு பேர் நல்லா இருக்கு என்றார்கள். "இதான் சார்!" என்றாள் தமயந்தி. அவள் குரலே தழுதழுத்தது. "இதே மாதிரி வேணும். இது நீங்கதானே சார், உங்களால முடியாதா?" அவர் மைக்கைப் பார்த்துச் சொன்னார், "அது நான் இல்லம்மா." தமயந்தி முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, "ஐயோ சார், புல்லரிக்குது. பரிதி சார், கேட்டீங்களா?" இளம்பரிதி எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். தமயந்தியின் தோளுக்கு மேலே குனிந்து, உள்ளே கேட்கிற டாக்பேக் மைக்கில் பேசினான். "சார், இதை அப்படியே பேட்டில சொல்லுங்க. 'அது நான் இல்ல.' அதான் மாரெக்! கைதிக்குத் தன் குரல்கூடச் சொந்தமில்ல." பொன்னுரங்கத்துக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "யோவ், அது என் தம்பிய்யா." "கரெக்ட் சார்! டோரனுக்கு மாரெக் தம்பி மாதிரி. மூணாவது சீசன்ல அந்த ரெண்டு தொட்டில் வருதே, அப்பவே..." "மாதிரி இல்லய்யா!" கத்திவிட்டார். அந்தப் பஞ்சு எல்லாவற்றையும் குடித்துவிட்டது, அந்தச் சத்தத்தையும். பிரான்சிஸ் காதிலிருந்து ஹெட்போனை இழுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "மாதிரி கீதிரி எல்லாம் தூக்கிக் குப்பையில போடு. தேசிங்கு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன். அன்னிக்கு பைலட் பேசினது அவன். நான் இங்க வரவே இல்ல, வேலூர்ல ஒரு சாவுக்குப் போயிருந்தேன். ஜம்புலிங்கம் குரலைக் கேட்டு நான்னு நினைச்சாரு. எனக்குப் போன் பண்ணாரு. இல்லன்னு சொல்லலை. சரின்னு சொன்னேன். அவன் வேஷத்தை நான் எடுத்துக்கிட்டேன். புரியுதா? குறியீடு இல்ல. திருட்டு."

டாக்பேக் அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று வாய்கள் அசைந்தன. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. நாற்பத்தோரு வருடம் வாய்க்குச் சொல் வைத்த மனிதர், இந்த மூன்று வாய்க்கும் என்ன சொல் என்று தெரியாமல் நின்றார். தமயந்தியின் உதடு ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தது. பாவம் என்கிறாளா? பாவி என்கிறாளா? இரண்டுக்கும் லிப் உட்காரும். இளம்பரிதி தலையில் கை வைத்துக்கொண்டான். எழுபது வீடியோவும் இடிந்து விழுகிறது போலிருக்கிறது, விழட்டும். பிரான்சிஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எதையோ திருகினான். வியர்வை முதுகில் நேராக இறங்கியது. இப்போது கதவு திறக்கும், வெளியே போகச் சொல்லுவார்கள், பம்பாய்க்குத் தெரியும், பேப்பரில் வரும், சங்கத்தில் கூப்பிட்டுக் கேட்பார்கள். பதினோரு வருடமாக ஒவ்வொரு இரவும் இதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தார். அதனால் பயமாக இல்லை, ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. டாக்பேக் 'டிக்' என்றது. "சார்" என்றாள் தமயந்தி. குரல் கனிவாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. "தண்ணி வேணுமா சார்? உட்கார்ந்துக்கறீங்களா? இங்க பாருங்க, அது ஒரு எபிசோடு. மிச்சம் முப்பது நீங்கதானே பேசினீங்க. ஆடியன்ஸுக்கு மாரெக்னா நீங்கதான் சார். பதினோரு வருஷம் ஆச்சு, இப்ப யாருக்குத் தெரியப்போகுது? பரிதி சாரும் இதைப் பத்திக் கேக்கமாட்டேன்னு சொல்றார். மனசுல வச்சுக்காதீங்க. நாலு மணிக்கு ஃபைல் அனுப்பியாகணும். அந்த ஒரு லைனை மட்டும் குடுத்துடுங்க, போதும்." இளம்பரிதியும் தலையாட்டினான், பெருந்தன்மையாக. அவ்வளவுதான். இத்தனை வருடமாக இதுதான் கதவு, இதைத் தொட்டால் தலையில் இடி விழும் என்று ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். தள்ளினால் திறந்துவிட்டது. அந்தப் பக்கமும் இதே பஞ்சு ஒட்டின சுவர். இவர்களிடம் சொல்லி என்ன ஆகும்? இவர்களிடம் எதையாவது எடுத்தாரா? மன்னிக்க இவர்கள் யார்? ஒரே ஒருத்தன்தான் திட்டலாம். அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

"சிக்ஸ்டீன்ணே" என்றான் பிரான்சிஸ் மெதுவாக. ஏசி நின்றது. காற்று நின்றது. சிவப்பு விளக்கு. பீப். பீப். பீப். டோரன் கதவைத் திறந்துவிட்டு நின்றான். போ, உன்னை விட்டுட்டேன் என்றான், பொன்னுரங்கத்தின் குரலில், காலையில் இரண்டே டேக்கில் முடித்தது, பெரிய கொடைவள்ளல் மாதிரி. மாரெக் நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். பொன்னுரங்கத்துக்குத் தொண்டையில் எல்லாம் தயாராக இருந்தது. விழுங்கலும் வந்து நின்றது, கேட்காமலே, பதினைந்து டேக்குக்கு வராதது. இப்போது விட்டால் ஓகே ஆகிவிடும். நன்றாகத் தெரிந்தது, பம்பாயில் இன்னொரு அம்மா அழுவாள். அவர் உதட்டைச் சேர்த்து மூடிக்கொண்டார். மாரெக்கின் வாய் அசைந்தது. நாலு வார்த்தை அளவுக்கு அசைந்து மூடியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. துண்டு முடிந்து படம் நின்றது. "சார்? மிஸ் ஆயிடுச்சா சார்?" "மிஸ் ஆகலை. அவனைக் கூப்பிடு." "யாரை சார்?" "மாரெக்கை. என் தம்பியை. அவன் வந்து பேசட்டும். பேசலைன்னா வாய் இப்படியே சும்மா அசையட்டும். நான் பேசமாட்டேன்." "சார், நாலு மணிக்கு..." "நாலு மணிக்கு என்ன, நாலு வருஷம் ஆனாலும் பேசமாட்டேன்." அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஏதோ பேச்சு. பிரான்சிஸ் பேனா எடுத்தான். "நம்பர் சொல்லுங்கண்ணே, நானே பேசறேன்." பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். நம்பர் இல்லை. மெட்ராஸில் யார் யார் நம்பரோ இருக்கிறது, பால்காரன், கேபிள்காரன், செத்துப்போன ஜம்புலிங்கம் நம்பர்கூட அழிக்காமல் இருக்கிறது. "நம்பர் தெரியாது" என்றார். "வீடு தெரியும். எழுதிக்கோ. வரமாட்டான். வந்தாலும் என் மூஞ்சியைப் பார்க்கமாட்டான். அது உன் கவலை இல்ல. பொன்னுரங்கம் கூப்பிட்டார்னு சொல்லாதே. கேட்டார்னு சொல்லு. எழுதறியா? திருவொற்றியூர். தேரடிக்குப் பின்னால ரெண்டாவது சந்து. பச்சைக் கதவு."